சாவி போட்டதிலிருந்து சாவி எடுக்கும் வரை

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். போன முறை விடுப்பில் வந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் ஆக்‌ஷன் கேமராவை வாங்கி வந்தார். இருந்த நாட்களில் அதை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். கிளம்பும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"நீதான் தினமும் அந்தப் பக்கம் போறியே. மேகம் எறங்குறப்ப மலையை எடுத்து அனுப்பு. இங்கன மணலைத்தான் பாத்துக்கிட்டு கெடக்கேன்."

எனக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வீடு ராஜபாளையத்தில். நிலையத்துக்கு வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்குப் போய், அவர்கள் காலையில் எதுவும் சாப்பிடுவதற்கு முன்பு ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது என் பொறுப்பு. வாரத்தில் நான்கு நாள் கான்சாபுரம், மம்சாபுரம் என்று சுற்ற வேண்டும். அதற்காகத்தான் கணவரின் வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஸ்கூட்டர் இல்லை, கியர் வண்டி. முதல் சில மாதங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

கேமராவை ஹேண்டில்பாரின் நடுவில் மாட்டியிருந்தேன். படத்தின் அடிப்பகுதியில் வண்டியின் மீட்டர் கொஞ்சம் தெரியும். மேலே சாலை, ஓரத்தில் மலை. கணவருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வெட்டி அனுப்புவேன். அதற்கு மேல் அந்தக் கேமராவைப் பற்றி நான் யோசித்ததில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அன்று கான்சாபுரத்தில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவருக்கு ரத்தம் எடுத்தேன். அவருக்கு நரம்பு கிடைப்பது லேசில்லை. மூன்று முறை தேடி, நான்காவது முறைதான் கிடைத்தது. அந்தக் குழாய்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் வந்து, அப்படியே மம்சாபுரத்துக்கும் போய்விட்டு நிலையத்துக்குத் திரும்பலாம் என்று ராஜபாளையம் சாலையில் போனேன். மம்சாபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினேன். பின்னால் தேங்காய் ஏற்றி வந்த சின்ன லோடு வண்டி என் ஹேண்டில்பாரின் வலது முனையைத் தட்டிவிட்டு, ஓரத்து மண்ணில் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எனக்கு முழங்கை சிராய்த்தது. அதைவிடப் பெட்டி திறந்துகொண்டு குழாய்கள் உடைந்து கிடந்ததுதான் என்னை உலுக்கியது. நான்கு குத்து குத்தி எடுத்த ரத்தம் தார்ச்சாலையில் கிடந்தது. சாலை முழுக்கத் தேங்காய் உருண்டது.

டிரைவர் இறங்கி வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

"என்ன சிஸ்டர் இது, கையும் காட்டாம, லைட்டும் போடாம பொசுக்குன்னு திரும்புதீக!"

"நான் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினேன். இந்த ஆளு பொய் சொல்லுதான்!" என்று கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன். ஆமாம், மூத்தவர் என்றும் பாராமல் 'சொல்லுதான்' என்றுதான் சொன்னேன்.

அந்தத் தேங்காய்களின் சொந்தக்காரர், அந்தப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கும் பெரியவர், விலக்கு டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் வந்துவிட்டார். அவருடைய தம்பி மகனும் ராணுவத்தில் இருப்பதால் என் கணவரை அவருக்குத் தெரியும். யாரோ ஒருவர் என் வண்டியைக் காட்டி, "அதான் கேமரா மாட்டியிருக்காவளே, போட்டுப் பாத்துட்டாப் போச்சு" என்றார்.

நான் வேகமாகக் கேமராவைக் கழற்றினேன். உயிரே இல்லை. கைப்பையிலிருந்த பவர் பேங்கில் சொருகி, கடைசிப் படத்தைப் போட்டேன். பத்துப் பேர் தலையைக் குனிந்து பார்த்தார்கள். கான்சாபுரத்திலிருந்து திரும்பும் வத்திராயிருப்பு சாலைப் புளியமரங்கள் வந்தன, ஒரு டவுன் பஸ் வந்தது, அத்தோடு நின்றுவிட்டது. பேட்டரி அங்கேயே தீர்ந்துபோயிருந்தது.

"நல்ல கேமரா" என்று ஒருவர் சிரித்தார்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "ராணுவத்துக்காரன் பொண்டாட்டி, நோயாளிக வீட்டுக்குப் போற பிள்ள, பொய்யா சொல்லும்? ஏலே, நீ வேகமா வந்துருப்ப" என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னார். டிரைவர் தேங்காய் பொறுக்கப் போனார். அவரவர் சேதத்தை அவரவர் பார்த்துக்கொள்வது என்று முடிந்தது.

மறுநாள் கான்சாபுரத்துக்குப் போய், அந்த நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் குத்தினேன். அவருக்குப் பேச்சு வராது. ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று வீடு திரும்பும்போது ஒரு முடிவோடு திரும்பினேன். இனி வண்டியில் சாவி போட்டதிலிருந்து சாவி எடுக்கும் வரை கேமரா ஓட வேண்டும். ஒரு நிமிடம்கூட அணையக் கூடாது.

கேமராவின் சொந்த பேட்டரி ஒரு மணி நேரமும் கொஞ்சமும் தாங்கும். என் சுற்றோ மூன்று மணி நேரம். முதலில் பவர் பேங்கை டேங்க் மேல் பையில் வைத்துப் பார்த்தேன். தினமும் அதைச் சார்ஜ் போட நினைவு வேண்டும். எனக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் நினைவு வந்தது. வண்டியிலேயே ஒரு பேட்டரி இருக்கிறது, ஓட ஓடத் தானே நிரம்பிக்கொள்கிறது. அதிலிருந்து எடுத்தால் என்ன என்று தோன்றியது.

உதிரிப் பொருள் கடை ஒன்றில் செல்போன் சார்ஜர் ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டி, இரண்டு வயரையும் நேரே வண்டி பேட்டரியில் முறுக்கிக் கொடுத்தார்கள். பத்து நிமிட வேலை. வாரம் முழுக்க நன்றாக ஓடியது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. நான்காம் நாள் காலை ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் டிக், டிக் என்ற சத்தம் மட்டும்தான். கேமராவைச் சொருகியபடியே விட்டிருந்தேன். அதுவும் சார்ஜரின் நீல விளக்கும் சேர்ந்து, ஏற்கெனவே வயதான பேட்டரியைக் குடித்து முடித்திருந்தன. நல்ல வேளை, கிக்கர் இருந்தது. மிதித்து மிதித்துக் கால் கடுத்துப்போனது.

கணவருக்கு போன் செய்தேன்.

"நேரா பேட்டரியில குடுத்தா அப்படித்தான் ஆகும். சாவி போட்டா மட்டும் கரண்டு வர்ற வயர்ல குடுக்கணும். ஆனா உனக்கு எதுக்கு இந்தப் பாடு? நடந்தது நடந்துபோச்சு, விடு."

"விட மாட்டேன்."

"தெரியும். ஃபியூஸ் போடாம மட்டும் எதையும் தொடாத" என்றார்.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு முனையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். லாரி, டிராக்டர் வயரிங்தான் பார்ப்பார். என் வண்டியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் ஃபேன்சி வேல. நான் செய்யறதில்ல" என்றார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒரு டிராக்டரின் விளக்கை முடித்தார், இன்னொன்றைத் தொடங்கினார். நான் எழுந்திருக்கவில்லை.

"போக மாட்டீகளா?"

"செத்த நேரம் இருக்கேன். எனக்கு வேற வேல இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டைக் கழற்றி, சாவியைத் திருப்பினால் உயிர் பெறும் வயரைக் கண்டுபிடித்து, அதில் ஒரு ஃபியூஸ் வைத்து சார்ஜரை இணைத்துக் கொடுத்தார். பேட்டரி தீரும் பிரச்சினை அன்றோடு ஒழிந்தது.

ஆனால் கேமரா நின்று நின்று போனது. வெயில் ஏறினால் சூடாகி, திரையில் ஒரு வெப்பமானிப் படம் காட்டி அணைந்துவிடும். ஒருபுறம் படம் எடுத்துக்கொண்டு, மறுபுறம் தன் பேட்டரியையும் நிரப்பிக்கொண்டிருந்ததால் அந்தச் சூடு. உள்ளே இருந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியின் மின்சாரத்தில் மட்டும் ஓடவிட்டேன். சூடு குறைந்தது. இப்போது வேறொரு தொல்லை வந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது வண்டி மொத்தக் கரண்டையும் இழுத்துக்கொள்ள, கேமரா பொட்டென்று அணையும். அதற்காக ஹேண்டில்பாரில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தோம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதைத் தட்டுவேன். கேமரா தானே விழித்துப் பதிவைத் தொடங்கும். படம் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகச் சேமிக்கும்படி வைத்துவிட்டேன். எங்காவது அணைந்தாலும் கடைசித் துண்டு மட்டும்தான் போகும்.

இத்தனைக்குப் பிறகும் சிக்னலில் நின்று பிரேக் பிடித்து ஹாரனும் அடித்தால் அணைந்தது. எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார். "சார்ஜர் நல்லாத்தான் இருக்கு. ஒங்க கேமராதான் நோஞ்சான்."

நான் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இன்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜரின் வாயில் அளந்தால் ஐந்து வோல்ட் சரியாக இருந்தது. கேமராவில் சொருகும் முனையில் அளந்தால் நான்கரைதான் வந்தது. நடுவில் அரை வோல்ட்டைத் தின்றது எது? இடையில் இருந்தது கேபிள் மட்டும்தான். ஒன்றரை மீட்டர் நீளம், நூல் போன்ற வயர். எனக்குச் சட்டென்று புரிந்தது. குழந்தைகளுக்குக் குத்தும் மெல்லிய ஊசியில் பெரியவர்களுக்கு ரத்தம் எடுத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நரம்பில் குறையில்லை, ஊசியின் குறுக்களவுதான் குறை. ஒரு சாண் நீளத்தில் தடித்த வயருள்ள கேபிள் வாங்கிச் சொருகினேன். பிரேக்கைப் பிடித்து, ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றேன். தெருவே வெளியே வந்து பார்த்தது. கேமரா அணையவில்லை.

"எக்கா, விடுங்க, காது போச்சு" என்று எலக்ட்ரீஷியன் கத்தினார்.

வத்திராயிருப்பு சாலையின் குலுக்கலில் பிளக் கழன்றது. பிளாஸ்திரி ஒட்டிக் கட்டினேன். தூறலில் நனைந்தது. ரப்பர் கையுறையில் ஒரு விரலை வெட்டி, பிளக்கின் மேல் உறையாக மாட்டி, இரு பக்கமும் பிளாஸ்திரியால் இறுக்கினேன். அதைப் பார்த்த எலக்ட்ரீஷியன், "எனக்கும் ரெண்டு கையுறை கொண்டாங்க. டிராக்டர் ஹாரனுக்குப் போடலாம்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆக, இரண்டு மாதம் போராடி, என் மூன்று மணி நேரச் சுற்று முழுவதும் ஒரு நொடி விடாமல் பதிவாகத் தொடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி எவன் வந்து இடித்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு ஞாயிறு மதியம், கணவருக்கு அனுப்ப நல்ல மேகமாகத் தேடி, கணினியில் அந்த மாதப் படங்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். மம்சாபுரம் விலக்கில் வலது பக்கம் திரும்பும்போதுதான் மலை நேர் எதிரே வரும். அதனால் அந்தத் திருப்பத்தை மட்டும் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டேன். மூன்றாவது படத்தில் பின்னால் ஒரு பஸ்ஸின் நீண்ட ஹாரன் கேட்டது. அந்தப் பஸ் எனக்கு நன்றாக நினைவிருந்தது. என்னை உரசுவதுபோல் போன அந்த டிரைவரை அன்று திட்டியிருந்தேன். சும்மா மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

படத்தின் அடியில் மீட்டர் தெரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் அங்கே ஒரு பச்சை விளக்கு மினுக்க வேண்டும். ஹேண்டில்பார் திரும்பியது, ஹாரன் கேட்டது, மலை நேரே வந்தது. அதற்குப் பிறகுதான் பச்சை விளக்கு மினுக்கியது.

முந்தைய படத்தைப் போட்டேன். அதிலும் திரும்பத் தொடங்கிய பிறகுதான் விளக்கு வந்தது. அடுத்ததில் விளக்கே எரியவில்லை. மாதம் முழுவதையும் தேடிப் பதினான்கு திருப்பங்களைப் பார்த்தேன். இரண்டே இரண்டில்தான் நான் முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டிருந்தேன். நான்கில் போடவே இல்லை. மீதி எல்லாவற்றிலும் திரும்பத் தொடங்கிய பிறகுதான்.

நாற்காலியை விட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்தேன். இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினேன் என்று அன்று நான் கத்தியது பொய்யில்லை. நான் அப்படித்தான் நம்பினேன். நான் எப்போதும் போடுகிறவள் என்று எனக்கு நானே நினைத்திருந்தேன்.

கணவரிடம் சொன்னேன்.

"அன்னிக்கு என்ன நடந்துதுன்னு இதுல தெரியாதுல்லா?" என்றார்.

"தெரியாது."

"பொறவு என்ன? அவரும் வேகமா வந்துருக்கலாம். மூணு மாசம் ஆச்சு. அழிச்சிட்டு வேலையப் பாரு."

அழிக்கவில்லை. மறுநாள் மம்சாபுரத்தில் ரத்தம் எடுத்து முடித்ததும் அந்த டிரைவரைத் தேடினேன். ஊருக்குள் கேட்டதில் வீட்டைக் காட்டினார்கள். லோடு வண்டி வாசலில் நின்றது. அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தார்ப்பாய்க் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் ஒங்கள மரியாதையில்லாமப் பேசிட்டேன்" என்று ஆரம்பித்தேன். பிறகு போனில் அந்தத் துண்டுப் படங்களைக் காட்டினேன். எங்கே பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும் என்று விரலால் தொட்டுச் சொன்னேன். "அன்னைக்கு நடந்தது எங்கிட்ட இல்ல. ஆனா நான் போட்டிருக்க மாட்டேன்னுதான் இப்ப நெனைக்கேன்."

அவர் நான்கு படம் பார்த்தார். ஐந்தாவதைக் காட்டப் போனபோது கையால் தடுத்தார்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது சிஸ்டர்? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே."

போனைப் பைக்குள் வைத்தேன்.

"அந்தப் பெரியவர் தோப்புல பதினோரு வருசம் லோடு அடிச்சேன். மறு வாரமே வேற வண்டியப் பேசிட்டாக. ஒங்க பேச்ச அவிய எம்புட்டு நம்புனாக தெரியுமா? நீங்க எங்க சொன்னீகளோ அங்க போயி சொல்லுங்க."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்.

நிலையத்துக்கு நேரமாகிவிட்டது. குழாய்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மதியம் அனுமதி கேட்டுத் திரும்பி வந்தேன். வழியெல்லாம், பெரியவர் வெளியூர் போயிருந்தால் நல்லது என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே வந்தது. போயிருக்கவில்லை. தோப்பில் மோட்டார் அறைக்கு முன்னால் நான்கைந்து பேரோடு உட்கார்ந்து, மட்டை உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் இரண்டு முகங்களை விலக்கில் அன்று பார்த்த நினைவு.

"வா தாயி. வீட்டுக்காரர் வந்துருக்காரா?"

"இல்லய்யா. நான்தான் ஒரு விசயம் சொல்ல வந்தேன்."

நின்றபடியே சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். படங்களைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மட்டை உரித்தவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, இத நீயே ஏன் கொண்டாந்து காட்டுத? யாரும் கேக்கலயே."

"ஒங்க டிரைவருக்கு வேல போச்சுன்னு இன்னைக்குத்தான் தெரியும். என் பேச்சாலதான் போச்சு."

"ஒன் பேச்சால மட்டுமில்ல, நான்தான் நிறுத்துனேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "இப்ப வர்ற வண்டிக்காரனுக்கும் வாக்குக் குடுத்துட்டேன். அவனயும் தெருவுல விட முடியாதுல்லா?"

"அது ஒங்க இஷ்டம்யா. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்."

திரும்பி வண்டியை எடுத்தேன். பின்னால் யாரோ ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னைப் பற்றியா, வேறு எதையோ பற்றியா, தெரியாது. தோப்பு வாசலில் நின்று, இடது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டு, அது மினுக்குகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாலையில் ஏறினேன்.

பெரியவர் உடனே ஒன்றும் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து, தேங்காய் வெட்டு அதிகமான சமயத்தில், வாரத்தில் இரண்டு நாள் லோடு பழைய டிரைவருக்கு என்று ஆக்கினார். முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை. இதை எனக்குச் சொன்னது டிரைவரின் மனைவி. சர்க்கரை பார்க்க நிலையத்துக்கு வந்திருந்தார். சொல்லிவிட்டு, "ஒங்க மேல அவுகளுக்கு இன்னும் கோவம்தான்" என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். கோபம் இருக்கத்தானே செய்யும்.

நான் என் பழக்கத்தை மாற்ற எடுத்துக்கொண்ட நாட்கள், கேமராவை ஓடவைக்க எடுத்துக்கொண்டதைவிட அதிகம். ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து அந்த வாரத் திருப்பங்களைப் பார்த்தேன். முதல் வாரம் பாதி தேறியது. இரண்டாவது வாரம் ஒன்று தவறியது. அதற்கடுத்த வாரம் இரண்டு தவறின. எரிச்சலில் கணினியை மூடிவிட்டேன். பிறகு விலக்குக்கு முன்னால் வரும் ஒரு மைல்கல்லைக் குறி வைத்துக்கொண்டேன். அந்தக் கல்லைத் தாண்டும்போது கட்டை விரல் தானே சுவிட்சுக்குப் போக வேண்டும். நான்கு மாதத்தில் போகத் தொடங்கியது.

ஐப்பசி மழையில் ஒரு நாள், செண்பகத்தோப்பு வனத்துறை முகாமில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள். பாதி வழியில் கேமரா அணைந்தது. அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்துத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஹேண்டில்பார் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அதைத் திறந்து, பஞ்சால் ஒற்றி எடுத்து, ஊதிக் காயவைத்து, சுற்றிலும் வாசலைன் தடவி மூடினேன். கால் மணி நேரம் ஆனது. அந்த வழியாக வந்த வனக்காவலர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சிஸ்டர், வண்டி மக்கர் பண்ணுதா? ஆள் அனுப்பவா?" என்றார்.

"வேண்டாம்ணே, முடிஞ்சிட்டு. நீங்க முன்னால போங்க, பின்னாலயே வாரேன்" என்றேன்.

இன்ஜினைக் கிளப்பி, சுவிட்சைத் தட்டினேன். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.